ஏற்காட்டுக் குட்டைப் பில்லர்

கட்டட வடிவமைப்பு அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில், சேலத்தில் வேலை பார்க்கிறேன். கட்டடம் தாங்குமா என்று பார்க்கும் கணக்கை மென்பொருளில் எழுதுகிறவர்கள் வேறு. திரையில் எந்தப் பலகம் எங்கே வரணும், எது திறந்திருக்கணும் என்பதுதான் என் பாடு. அழகு பார்க்கிற வேலை என்று நினைத்திருந்தேன். ஏற்காட்டுக் கட்டடங்கள் அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டன.

மலையில் சமதளம் அபூர்வம், சரிவிலேயே கட்டுகிறார்கள். மேட்டுப் பக்கப் பில்லர் இடுப்பளவு, பள்ளத்துப் பக்கப் பில்லர் இரண்டு ஆள் உயரம். மேலே தளம் மட்டும் ஒரே மட்டம். நெட்டைப் பில்லரைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்களுக்குப் பயம். "அதைக் கொஞ்சம் தடிமனாப் போடுங்க சார்" என்பார்கள். நிலநடுக்கம் பக்கவாட்டில் ஆட்டும்போது நடப்பதோ நேர்மாறு. தளம் எல்லாப் பில்லர்களின் தலையையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நகர்த்தும். நெட்டை வளைந்து கொடுக்கும், குட்டை கொடுக்காது. குறுக்களவு ஒன்றாக இருந்து உயரம் பாதியானால், விறைப்பு எட்டு மடங்கு. விசையையும் அதே கணக்கில் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். குட்டைப் பில்லர்கள் பெருக்கல் குறி போலப் பிளப்பது இதனால்தான். இந்திய நிலநடுக்க விதித்தொகுப்பான ஐ.எஸ். 1893-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேலம் மூன்றாம் நிலநடுக்க மண்டலம். அலட்சியம் செய்கிற இடமில்லை.

எங்கள் பழைய திரையைத் திறந்தால் பிளான் மட்டும் தெரியும். மேலிருந்து பார்த்தால் நெட்டையும் குட்டையும் ஒரே சதுரம்தானே? உயரம் வேறொரு பலகத்தில் இருந்தது. கணக்கு சரியாகவே ஓடும், விசையும் அட்டவணையில் வந்துவிடும். ஆனால் அவசரத்தில் இருக்கிறவர் சதுரங்களைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே வகையாகச் சேர்த்து, ஒரே கம்பி, அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குக்கு ஒரே இடைவெளி என்று போட்டுவிடுவார்.

எச்சரிக்கைப் பெட்டி வைக்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் படித்துவிட்டு ஓகே அழுத்துகிறவரை நான் பார்த்ததே கிடையாது. அதற்குப் பதிலாகப் பிளானுக்குப் பக்கத்திலேயே எலிவேஷனை, அதாவது பக்கத்திலிருந்து பார்க்கும் படத்தை, நிறுத்தினோம். சுருக்கலாம், மூட முடியாது. பில்லர் தாங்கும் விசையின் பங்குக்கு ஏற்ப அதன் சதுரமும் கறுக்கும். "லேப்டாப்ல இடமே பத்தலை தம்பி" என்று மூத்த பொறியாளர் ஒருவர் சலித்துக்கொண்டார். நியாயமான குறைதான். ஆனாலும் மாற்றவில்லை.

கணக்கே தப்பாக இருந்தால் திரை எதையும் காப்பாற்றாது என்பதும் உண்மை. நார்வேயில் 1991 ஆகஸ்டில் ஸ்லெய்ப்னர் ஏ என்ற கான்கிரீட் எண்ணெய் மேடையின் அடித்தளம் மூழ்கியது. கணினிப் பகுப்பாய்வுக்காகக் கட்டமைப்பைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வலை சரியாக அமையாமல், வெட்டுத் தகைவு (கான்கிரீட்டைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் தகைவு) 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அதைத் திருத்துவது என் மேசை வேலை இல்லை.

இப்போதைய சண்டை அச்சுத் தாளைப் பற்றி. குட்டைப் பில்லருக்கு முழு உயரமும் நெருக்கமாக ரிங் போடச் சொல்கிறது, நிலநடுக்கத்துக்குக் கம்பி அமைப்பதைச் சொல்லும் விதித்தொகுப்பு ஐ.எஸ். 13920. சைட்டில் கம்பி கட்டுகிறவர் கையில் இருப்பதோ பில்லரின் கம்பி விவரப் பட்டியலான ஷெட்யூல் தாள் மட்டும். அதில் பில்லரின் உயரம் கிடையாது. ஒரு சின்னப் படம் சேர்க்கலாம் என்றால், ஏ3 தாளில் இடமில்லையாம். லோகோவைச் சின்னதாக்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.