ஞாபக மறதி என்று போய், ஓசிடி என்று தெரிந்துகொண்ட அனுபவம்

பூட்டிய கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் யாருக்கும் எப்போதாவது வருவதுதான். எனக்கு அது நாள்தோறும் வரத் தொடங்கியது. கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது, படியிறங்கிய பின் திரும்பி ஏறி மறுபடி இழுத்துப் பார்ப்பது, கேஸ் அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டு "ஆஃப், ஆஃப்" என்று வாய்விட்டுச் சொல்வது, அப்படியும் மனம் ஒப்பாமல் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது என்று வளர்ந்து, வேலைக்குக் கிளம்புவதே பெரும்பாடாகிப் போன பிறகுதான் மருத்துவரைப் பார்க்க முடிவு செய்தேன். அப்போதும் நான் போனது மனநல மருத்துவரிடம் அல்ல. நினைவாற்றல் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் என் புகார் என்பதால், வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே போனேன். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி நோய், அதாவது பலரும் ஓசிடி என்று சொல்லும் நோய், என்ற முடிவு அங்கிருந்து சற்றுத் தொலைவில் இருந்தது.

மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார்: தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின். இவை எதற்கு என்று நான் கேட்பதற்குள் அவரே விளக்கினார். தைராய்டு குறைவாகச் சுரந்தால் சோர்வும் மந்தமும் மறதியும் வந்து, பார்ப்பதற்கு மனச்சோர்வு நோய் போலவே இருக்கும். அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று பதற்ற நோயின் வேடத்தில் வரும். பி12 குறைபாடும் நினைவையும் மனநிலையையும் பாதிக்கக்கூடியது. இவற்றை விலக்கிவிட்டுத்தான் மனத்தின் பக்கம் போக வேண்டும் என்றார். எல்லா முடிவுகளும் சரியாகவே இருந்தன. அதன் பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி திசையைத் திருப்பிவிட்டது: கதவையும் அடுப்பையும் தவிர வேறு எதையாவது மறக்கிறீர்களா? யோசித்துப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. அலுவலகத் தேதிகள், எண்கள், ஆட்களின் பெயர்கள் எல்லாம் துல்லியமாக நினைவில் இருந்தன. ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருள்களை மட்டும் பார்த்துப் பொறுக்கியெடுக்கிற மறதி நோய் கிடையாது என்று சொல்லி, மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு சில வாரங்களைக் கடத்தினேன். இரவில் விழித்திருந்து மனநோய்களின் அறிகுறிகளை இணையத்தில் படித்ததில், மனச்சிதைவு முதல் மூளைக்கட்டி வரை எல்லாமே எனக்கு இருப்பதாகத் தோன்றியது. பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கும் அறிகுறிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்கும் நோக்கம் ஒன்றே என்பது அப்போது தெரியாது.

மனநல மருத்துவருடனான முதல் சந்திப்பு ஏறக்குறைய முழுவதும் கேள்விகளாகவே போனது. ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ ஓசிடியைக் காட்டித் தராது. விசாரிப்புதான் அங்கே கருவி. அவர் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டாலும், ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நோய் நிற்கிறது என்பது சற்று நேரத்தில் புரிந்தது. குறைந்தது இரண்டு வாரங்களாகப் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்து கிடந்ததா, பிடித்த விஷயங்களில் நாட்டம் விட்டுப்போனதா, தூக்கம், பசி, கவனம், உடல் தெம்பு ஆகியவற்றில் மாற்றம் உண்டா, எதற்கும் லாயக்கற்றவன் என்ற குற்ற உணர்வு அழுத்துகிறதா என்பவை மனச்சோர்வு நோய்க்கான கேள்விகள். அவற்றில் பாதிக்கு நான் ஆம் என்றேன். உடனே அவர், இதில் எது முதலில் வந்தது என்று கேட்டார். சரிபார்க்கும் பழக்கம் வேரூன்றி, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் ஒளித்து ஒளித்துக் களைத்த பிறகுதான் சோர்வு வந்திருந்தது. ஓசிடி உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது மிகச் சாதாரணம் என்றும், பின்னால் வந்ததை முன்னால் வைத்துவிட்டால் மருந்தின் அளவு முதல் சிகிச்சை முறை வரை எல்லாமே மாறிப்போகும் என்றும் அவர் சொன்னார். அந்தக் கேள்விக்காகவே நேரில் போனது தகும் என்று நினைக்கிறேன். நானே நிரப்பிப் பார்த்த எந்த இணையக் கேள்வித்தாளும் அதைக் கேட்கவில்லை.

தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் வேகத்தோடும் நாள்கணக்கில் இருந்ததுண்டா என்று அடுத்து விசாரித்தார். அது இருதுருவ மனநிலைக் கோளாறைத் தேடும் கேள்வி. அந்தக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியே கொடுத்தால் மிகையெழுச்சி நிலை தூண்டப்படலாம் என்பதால், மருந்துச் சீட்டை எடுக்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டுமாம். எதிர்பாராத நேரத்தில் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, செத்துவிடுவோம் என்ற பயம் வந்ததா என்பது பேனிக் அட்டாக் பற்றியது. பணம், உடல்நலம், குடும்பம், வேலை என்று எதை எடுத்தாலும் கவலை தொற்றிக்கொண்டு ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா என்பது பொதுப் பதற்ற நோய் பற்றியது. என் கவலை அப்படிப் பரவலாக இல்லை. பூட்டு, நெருப்பு, மின்சாரம், அவற்றால் பிறருக்கு நேரக்கூடிய கேடு என்று ஒரே தடத்தில் ஓடியது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா என்பதையும் அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து என்று உடனிருந்த பயிற்சி மருத்துவரிடம் சொன்னார்.

யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா என்ற கேள்வி வந்தபோது எனக்கு உள்ளூர உதறியது. இல்லை என்றேன். அவர் விடவில்லை. கதவைப் பார் என்று சொல்லும் அந்த எண்ணம் உங்கள் மனத்தின் எண்ணமா, வெளியிலிருந்து யாரோ உள்ளே திணித்ததா? என் எண்ணம்தான், அதன் அபத்தமும் எனக்குத் தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை என்றேன். மனச்சிதைவு நோயிலிருந்து ஓசிடியைப் பிரித்துப் பார்ப்பதற்கு இந்தப் பதில் முக்கியமானது.

வேறு ஏதாவது எண்ணங்கள், சொல்லக் கூச்சப்படும் எண்ணங்கள், வருகின்றனவா என்று அவர் கேட்டது கடைசியில்தான். கத்தியைக் கையில் பிடித்திருக்கும்போது பக்கத்தில் நிற்கும் என் குழந்தையைக் குத்திவிடுவேனோ என்ற எண்ணம் மின்னி மறைவதையும், அதற்காகவே கத்தியை எட்டாத உயரத்தில் வைத்துவிடுவதையும் அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நிற்கக்கூட இல்லை. இத்தகைய வேண்டாத எண்ணங்கள் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் வருகின்றன என்று ராக்மன், டி சில்வா என்ற இரு ஆய்வாளர்கள் 1978லேயே காட்டியிருக்கிறார்கள் என்றார். மற்றவர்கள் அதைச் சீ என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓசிடி உள்ளவர் அந்த எண்ணத்துக்குப் பொருள் தேடுகிறார், தன்னைத்தானே விசாரணைக்கு உட்படுத்துகிறார். அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்குவதும் கத்தியை விட்டு விலகி ஓடுவதும் இந்த நோயின் அடையாளங்களே தவிர, செய்யத் துடிப்பதன் அடையாளம் அல்ல.

பிறகு ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோல் என்ற கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, எந்த அளவுக்கு வேலை கெடுகிறது, எதிர்த்து நிற்க முடிகிறதா என்று கேட்டு மதிப்பெண் இட்டார். மொத்தம் 40, 16 முதல் 23 வரை நடுத்தரம், 24 முதல் கடுமை. நான் நடுத்தரத்தின் மேல்விளிம்பில் இருந்தேன். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குவது அல்லது வாழ்க்கையைக் கணிசமாகக் குலைப்பது என்பதுதான், சாதாரணச் சந்தேகத்துக்கும் நோய்க்கும் இடையே மருத்துவர்கள் போடும் கோடு. போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எந்தெந்தச் செயலுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். எதிரில் உட்கார்ந்து நினைவுபடுத்திச் சொல்லும்போது வெட்கத்தில் பாதியாகக் குறைத்துச் சொல்லத்தான் வருகிறது.

ஏன் எனக்கு என்று கேட்டேன். ஒற்றைக் காரணம் கிடையாது என்பதுதான் பதில். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது, சிறுவயதில் தொடங்கும் ஓசிடியில் இது இன்னும் அதிகம். என் அப்பா படுக்கப் போகும் முன் வீட்டைச் சுற்றிவரும் விதம் அப்போது நினைவுக்கு வந்தது. மூளையில், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்பகுதிக்கும் ஆழத்தில் உள்ள சில பகுதிகளுக்கும் இடையே ஓடும் சுற்று ஒன்று அளவுக்கு மீறி இயங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனின் மீது செயல்படும் மருந்துகள் உதவுவது உண்மை. அதனால் செரோட்டோனின் குறைவுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. இவற்றின் மேல் புதிய பொறுப்புகளும் மன அழுத்தமும் வந்து அமரும்போது நோய் வெளிப்படலாம். என் விஷயத்தில் குழந்தை பிறந்த காலத்தோடு அது பொருந்தியது. எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையதே என்ற மிகையான பொறுப்புணர்வை இந்த நோயின் மையமாகக் கருதும் உளவியல் விளக்கமும் உண்டு. அதைக் கேட்டபோது என்னைப் பற்றித்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

இவற்றையெல்லாம்விட என்னை அசைத்தது, 2003இல் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இருவர் வெளியிட்ட சோதனை. நோயில்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவர்களுடைய நினைவு பிழைபடவில்லை. ஆனால் அந்த நினைவு மங்கலாகி, அதன் மீதிருந்த நம்பிக்கை குறைந்துபோனது. அதாவது, சந்தேகம் வந்ததால் நான் சரிபார்த்தேன் என்பது பாதி உண்மை. சரிபார்த்துச் சரிபார்த்தே சந்தேகத்தை வளர்த்தேன் என்பது மறுபாதி. மறதி என்று நான் நினைத்திருந்ததற்கு விளக்கம் அதில் இருந்தது.

சிகிச்சை இரண்டு வழிகளில் நடந்தது. செரோட்டோனின் மீது செயல்படும், மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை முதல் சில நாள்கள் குமட்டலையும் ஒருவித நிலைகொள்ளாமையையும் தந்தது, பிறகு அடங்கியது. ஓசிடிக்கு மனச்சோர்வைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் கூட ஆகலாம், திடீரென்று நிறுத்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால், ஒன்றும் மாறாத முதல் மாதத்தைத் தாண்ட முடிந்தது.

மற்றது, உளவியலாளருடன் செய்த எதிர்கொள்ளல் பயிற்சி. 1966இல் விக்டர் மேயர் என்பவர் தொடங்கிவைத்த வழியில் வளர்ந்தது இது. பயம் தருவதை வேண்டுமென்றே எதிர்கொள்ள வேண்டும். ஆனால் பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யக் கூடாது. எனக்குப் பதற்றம் தரும் சூழல்களை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு அடுக்கி, கீழிருந்து தொடங்கினோம். கைபேசியில் சேர்ந்திருந்த பூட்டுப் படங்களையும் அடுப்புப் படங்களையும் அழிப்பதே முதல் படிகளில் ஒன்று. எல்லாம் ஒரே மாதிரியான படங்கள். ஆனால் "அழி" என்ற பொத்தானின் மேல் விரல் நின்றுவிட்டது.

கதவுப் பயிற்சி இப்படி இருந்தது. ஒரே முறை பூட்ட வேண்டும், கைப்பிடியைத் தொடாமல் திரும்பி நடக்க வேண்டும். "பூட்டித்தானே இருக்கும்?" என்று உளவியலாளரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். எரிச்சலாக வந்தது. தெருமுனையில் நின்றபோது பதற்றம் 80ஐத் தொட்டது, வயிற்றைப் பிசைந்தது, உள்ளங்கை ஈரமானது. அவர் ஆறுதல் சொல்லாமல், இப்போது எவ்வளவு என்று மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தார். 80, 80, 70, நெடுநேரம் கழித்து 40. பதற்றம் தானாகவே இறங்கும் என்று பலமுறை படித்திருந்தேன். சரிபார்க்காமலேயே அது இறங்கியதை உடம்பு அன்றுதான் அறிந்தது. இறங்காமல் போனாலும் அதோடு நிற்க முடியும் என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி என்று அவர் பிறகு சொன்னார்.

கையால் செய்வதை நிறுத்துவது எளிது. பூட்டிய காட்சியை மனத்துக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை நிறுத்துவதுதான் கடினம். வெளியே யாருக்கும் தெரியாத அந்தச் சரிபார்ப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே சில சந்திப்புகள் தேவைப்பட்டன.

என் மனைவிக்கும் பயிற்சி இருந்தது. "கதவைப் பூட்டிட்டேன்ல?" என்று நான் கேட்பதும், "பூட்டிட்டீங்க, வாங்க" என்று அவள் சொல்வதும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. அன்பினால் சொல்லப்படும் அந்த உறுதிமொழி நோய்க்குத் தீனியாகிறது என்பதால், இனிமேல் பதில் சொல்ல வேண்டாம் என்று உளவியலாளர் அவளையும் உட்காரவைத்துப் பேசினார். "இது உங்க ஓசிடி கேக்குது, நான் பதில் சொல்லப் போறதில்ல" என்பது அவள் தேர்ந்தெடுத்த வாக்கியம். முதல் வாரங்களில் இதனால் சண்டை வந்தது. மாத்திரையைவிட இது கசந்தது என்றே சொல்வேன்.

இப்போது மதிப்பெண் லேசான நிலைக்கு இறங்கியிருக்கிறது. சந்திப்புகள் இடைவெளி விட்டு நடக்கின்றன. நலமடைந்த பிறகும் குறைந்தது ஓராண்டாவது மருந்தைத் தொடர்ந்துவிட்டு, அதன் பின் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதால் மாத்திரை தொடர்கிறது. கத்தி வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது. அந்த எண்ணம் எப்போதாவது வருகிறது, போகிறது. மன அழுத்தம் கூடும் காலத்தில் நோய் தலைகாட்டலாம் என்பதால், எவற்றைக் கண்டால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உளவியலாளரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறோம்: படம் எடுக்கக் கை போவது, கிளம்பும் நேரம் மறுபடி நீள்வது, அறிகுறிகளை இணையத்தில் தேடத் தொடங்குவது, மனைவியிடம் கேட்ட கேள்வியையே வேறு சொற்களில் கேட்பது. கடைசியாக உள்ளது நான் சேர்த்ததல்ல, அவள் சேர்க்கச் சொன்னது.