பெரியம்மை திருப்பிக் கொடுத்த புதப்பு

எங்கள் குமரி மாவட்டத்தில் போர்வையைப் புதப்பு என்றுதான் சொல்வோம். நான் என் கையால் முதன்முதலாகப் பின்னி முடித்த புதப்பை, வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த பெரியம்மைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் அதை நான்காக மடித்து, நான் கொண்டுபோன அதே துணிப்பையில் வைத்து, என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

"மக்ளே, ஒன் கைவேல நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மணம் கொமட்டுது. பொறவு, நெஞ்சுமேல ஆளு ஏறி இருக்க கணக்கா கனக்குது."

இரண்டு மாதம் குரோஷா ஊசியும் கையுமாக உட்கார்ந்து, சிவப்பும் பச்சையுமாக உல்லன் நூலில் பின்னியது அது. முடித்ததும் பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். கீமோ மருந்து ஏறிய உடம்புக்குத் தாளிக்கும் வாசனையே தாங்காது என்பதை அவர் வீட்டு அடுக்களையில் பலமுறை பார்த்திருந்தும், பாச்சை உருண்டையைப் பற்றி எனக்கு யோசனை வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது; ஆனால் அவர் சொன்ன இரண்டு குறைகளும் நியாயமானவை என்பதை வீட்டுக்கு வருவதற்குள் ஒப்புக்கொண்டேன்.

வெயில் காயும் இந்த ஊரில் நோயாளிக்குப் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கீமோ ஏற்றும் அறையில் துணையாக ஒரு பகல் முழுக்க இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்; உடம்பைவிடக் குளிர்ந்த திரவம் மணிக்கணக்கில் நரம்பு வழியாக உள்ளே இறங்கும்; ரத்தத்தில் சிவப்பணு குறைந்தவர்களுக்கோ மற்றவர்கள் விசிறிக்கொள்ளும் நேரத்திலும் குளிரும். பெருங்குடல் புற்றுக்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இன்னொரு வகையில் படுத்தும். அதை ஏற்றிக்கொண்ட பிறகு சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருள் எதைத் தொட்டாலும் விரல்நுனியில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். எங்கள் தெருவில் அந்த மருந்து எடுத்துக்கொண்ட ஒரு மாமா, காலையில் எவர்சில்வர் செம்பைத் தூக்குவதற்குத் துவர்த்தை, அதாவது துண்டை, கையில் சுற்றிக்கொள்வதை நானே கண்டிருக்கிறேன்.

பெரியம்மைக்கு நோய் வந்தது முறுக்கானால், அதாவது வெற்றிலை போட்டதால். ஐம்பது வருடப் பழக்கம். போயிலை இல்லாமல் அவருக்கு வெற்றிலை இறங்காது. இந்த மண்ணுக்கு அந்த நோய் புதிதும் அன்று. எங்கள் ஊர் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி ஓர் (Orr) என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை 1933-லேயே லண்டனின் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்திருக்கிறது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற சாமர்வெல் எங்கள் மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராக ஊழியம் செய்துகொண்டிருந்த காலம் அது. இத்தனை காலமாகத் தெரிந்த ஒன்றை நம் வீட்டுத் திண்ணையில் மட்டும் யாரும் பேசவில்லை என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வரும். அதைப் பெரியம்மையிடம் காட்டுவதில் பயனில்லை.

நோயாளிகளுக்குக் கைப்போர்வை செய்து கொடுப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் டென்வர் நகரத்தைச் சேர்ந்த கேரன் லூக்ஸ் என்ற பெண்மணி, சிகிச்சைக் காலம் முழுவதும் தன் போர்வையைப் பிடித்துக்கொண்டே இருந்த ஒரு குழந்தையைப் பற்றிப் படித்துவிட்டு, 1995-இல் 'புராஜெக்ட் லைனஸ்' என்ற பெயரில் குழந்தைகளுக்குப் போர்வை கொடுக்கத் தொடங்கினார். அந்தச் செய்தியைப் படித்துத்தான் நானும் ஊசியை எடுத்தேன். குளிர்நாட்டு யோசனையைக் குளிர்நாட்டு நூலோடு சேர்த்தே எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த பிழை.

இரண்டாவது புதப்புக்கு உல்லனை விட்டுவிட்டு, வீட்டில் கிடந்த பழைய கைத்தறி வேட்டிகளை எடுத்தேன். பத்து வருடம் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியின் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வராது. இரண்டு மடிப்பு வேட்டிக்கு மேல் பழைய பருத்திச் சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, மூன்றையும் சேர்த்து ஒரு விரற்கடை இடைவெளியில் நீளநெடுக ஓட்டுத்தையல் போட்டேன். நாலடி அகலம், ஐந்தடி நீளம். அதற்கு மேல் போனால் கனக்கும், நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் காலடியில் இழுபடும். பின்னல் வேலையில் இருக்கும் கண்ணிகள் கையில் குத்தியிருக்கும் ஊசிக்குழாயில் மாட்டிக்கொள்ளும் என்பதால், தட்டையான தையலே நல்லது. ஒரு முனையில் மட்டும் உள்பக்கமாகப் பை ஒன்று வைத்துத் தைத்தேன், விரல் குளிரும்போது கையை நுழைத்துக்கொள்ள. அந்த மாமாவின் துவர்த்தைப் பார்த்து வந்த யோசனை அது.

முதல் முறை சுங்குடித் துண்டு ஒன்று சாயம் விட்டு வேட்டி முழுக்க ஊதாவாகிப் போனது. இப்போது ஒவ்வொரு துண்டையும் தனியாக ஊறவைத்துப் பார்த்த பிறகே வெட்டுகிறேன்.

என்னோடு தெருவில் இன்னும் மூன்று பேர் சேர்ந்த பிறகு, ஆறு புதப்புகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். எங்களை ஒரு மணி நேரம் வராந்தாவில் நிறுத்திவைத்துவிட்டு, வாங்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். நிறுத்திவைத்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. காரணம் மட்டும் சரியானது. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்து நிற்கும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமியும் ஆளைச் சாய்த்துவிடும். நாங்களோ ஆறையும் திறந்த கட்டைப்பையில் பஸ்ஸில் கொண்டுபோயிருந்தோம். அதன்பின் தைத்து முடித்ததும் வெந்நீரில் வாசனையில்லாத சோப்புப் போட்டு அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, அன்றைக்கே பாலித்தீன் உறையில் போட்டு ஒட்டிவிடுகிறோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் இல்லை. யாருக்குச் சிகிச்சை நடக்கிறதோ அவர் வீட்டுக்கே போய், எப்படிக் குளிர்கிறது, எந்தக் கையில் மருந்து ஏறுகிறது, எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் துணியை வெட்டுகிறோம்.

பெரியம்மைக்கான இரண்டாவது புதப்பு திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு அவரோடு எத்தனையோ முறை ரயிலில் போய்வந்துவிட்டது. விடியற்காலையில் இரணியலில் ஏறினால் குழித்துறை வருவதற்குள் அவர் அதைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொள்வார். குளிருக்கு மட்டுமல்ல, அறுவைக்குப் பிறகு ஒரு பக்கம் குழிந்துபோன கன்னத்தை எதிர் இருக்கைக்காரர்கள் உற்றுப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. கையை நுழைக்க நான் வைத்த பையில் அவர் கண்ணாடியையும் டிக்கெட்டையும் வைத்திருக்கிறார்.

சிகிச்சை முடிந்து இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போனால் போதும். அதனால் அவர் எங்களோடு தைக்க உட்கார்ந்துவிட்டார். மால்ட் பாதிரியாரின் மனைவி 1820-களில் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த லேஸ் வேலை இந்த வட்டாரப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்தது. பெரியம்மையும் சிறுபிள்ளையில் லேஸ் பின்னும் தலையணையில் குண்டூசி குத்திக் கற்றவர். அந்தக் கண்ணுக்கு என் ஓட்டுத்தையல் தப்பவா போகிறது? சவர்க்காரம் மணக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதும் அவர் பொறுப்புத்தான். நேற்றும் ஒரு புதப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்: ஓரம் கோணலாம், பிரித்துத் தைக்க வேண்டுமாம்.