நிறைவுறா என்றால் என்ன குறைகிறது?

நேற்று இரவு அக்காள் மகள் வேதியியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஈத்தீனில் ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு பிணைப்பும் சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் அதை நிறைவுறா ஹைட்ரோகார்பன் என்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. ஹைட்ரோகார்பன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த சேர்மம். அந்தப் பெயரைக் கேட்டால் கார்பனின் ஒரு கை சும்மா தொங்குகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஈத்தேன் (இரு கார்பன்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்பு), ஈத்தீன் (இரட்டைப் பிணைப்பு), ஈத்தைன் (முப்பிணைப்பு) மூன்றிலும் கார்பனின் இணைதிறன், அதாவது அது போடும் பிணைப்புகளின் எண்ணிக்கை, நான்குதான். குறைவது ஹைட்ரஜன். ஈத்தேனில் ஆறு, ஈத்தீனில் நான்கு, ஈத்தைனில் இரண்டு. இன்னும் ஏற்றுக்கொள்ள இடம் உண்டு என்பதையே 'நிறைவுறா' குறிக்கிறது.

அவள் விடவில்லை. "இரட்டைப் பிணைப்பு என்றால் பலம் கூடத்தானே வேண்டும்? அது ஏன் சீக்கிரம் வினைபுரிகிறது?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தாளில் எழுதிக் காட்டினேன். ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 347 கிலோஜூல் வேண்டும். இரட்டைப் பிணைப்பை முழுவதுமாக உடைக்கச் சுமார் 611. அவளையே கழிக்கச் சொன்னேன். 264. முதல் பிணைப்புக்குப் பெயர் சிக்மா. இரண்டாவதாக வரும் பை பிணைப்பு அவ்வளவுதான் தாங்கும். சிக்மா எலக்ட்ரான்கள் இரு அணுக்கருக்களுக்கு நடுவில் இறுகியிருக்கின்றன. பை எலக்ட்ரான்களோ மேலும் கீழுமாகப் பரவி வெளியே தெரிகின்றன. புரோமின் வந்தால் முதலில் அகப்படுபவை அவைதான். பை அறுகிறது, சிக்மா அப்படியே நிற்கிறது, இரண்டு புரோமின் அணுக்கள் வந்து சேர்கின்றன.

இதை நான் கண்ணால் கண்டது கல்லூரி ஆய்வகத்தில். ஒரு சோதனைக்குழாயில் ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள ஹெக்சேன், இன்னொன்றில் இரட்டைப் பிணைப்பு உள்ள சைக்ளோஹெக்சீன். இரண்டிலும் ஆரஞ்சு நிறப் புரோமின் நீரைவிட்டுக் குலுக்கினேன். நிறைவுறாதது புரோமினோடு வினைபுரிந்து அந்த நிறத்தைப் போக்கிவிடும். இரண்டிலும் கீழே இருந்த நீர் வெளுத்தது! இரண்டுமே நிறைவுறாதவை என்று எழுதப்போனேன். ஆசிரியர், "மேல் அடுக்கைப் பார்" என்றார். ஹெக்சேன் குழாயில் நிறம் மேலே ஏறி நின்றது. புரோமின் அதில் கரைந்திருந்ததே தவிர வினைபுரியவில்லை. சைக்ளோஹெக்சீன் குழாயில் மேலும் கீழும் நிறமே இல்லை. எந்தப் பாடநூலும் இந்த மேல் அடுக்கைப் பற்றி ஒரு வரியாவது சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

புத்தகத்தை மூடும்போது பென்சீன் படம் அவள் கண்ணில் பட்டது. "இதில் மூன்று இரட்டைப் பிணைப்பு இருக்கிறதே, இதுவும் புரோமின் நீரை வெளுக்குமா?"

ஹெக்சேனைப் போல நிறத்தை மேலே இழுத்துக்கொள்ளுமே தவிர, வினைபுரிந்து வெளுக்காது என்றேன். ஏன் என்று நாளைக்குள் யோசித்து வரச் சொல்லியிருக்கிறேன்.