கோத்தகிரியின் இரண்டு கூட்டங்கள்

மே மாதம் வந்தால் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி. நீலகிரி கோடை விழா பெரும்பாலும் எங்கள் ஊரில்தான் தொடங்கும். கேரட், கத்தரிக்காய், மிளகாயை அடுக்கி மிருக உருவங்கள் செய்து வைப்பார்கள். சமவெளிக் கூட்டம் செல்ஃபி எடுக்கும், ஊருக்குள் டானிங்டன் பகுதியில் பஸ் நகராது. சரி, வியாபாரம் நடக்கிறதே!

எனக்கென்னவோ ஊர்த் திருவிழா என்றால் குளிர்காலத்து ஹெத்தையம்மன் பண்டிகைதான். நீலகிரி மலையில் வாழும் படுகர் சமூகத்தார் கும்பிடும் அம்மன் இது. வெள்ளை உடுத்திய படுகர்கள், செருப்பில்லாமல், உறைபனி விழுந்த ரோட்டில் அம்மன் கோயில் இருக்கும் பேரகணி கிராமத்துக்கு நடந்து போவார்கள். வெள்ளைத் தலைப்பாகையோடு பெரியவர்கள் வட்டமாக ஆடத் தொடங்கினால், ஜீன்ஸ் போட்ட பேரனுக்கும் கால் நிற்காது. அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

பார்க்க வருகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். ரூம் கேட்டு மட்டும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.