பப்பாளிப் பூச்சி வேற, நெல் பூச்சி வேற

பப்பாளி மாவுப்பூச்சி 2008 வாக்கில் கோயம்புத்தூர் பக்கம் தலைகாட்டி ஊரெல்லாம் பரவியதிலிருந்து, டெல்டாவில் எந்தப் பயிரில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் "அதேதான் நெல்லுக்கும் வந்துடுச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வரவில்லை, வராது. பப்பாளியில் இருப்பது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. நெல்லில் இருப்பது பிரெவென்னியா ரெஹி. இரண்டும் சூடோகாக்கிடே என்ற மாவுப்பூச்சிக் குடும்பம், உறவு அதோடு சரி. அசுவினியும் வெள்ளை ஈயும் இவற்றுக்குக் கொஞ்சம் தூரத்துப் பங்காளிகள்.

பழைய புத்தகங்களில் இந்த நெல் பூச்சியையே ரிப்பர்சியா ஒரைசே என்று போட்டிருப்பார்கள், கொஞ்ச காலம் ஹெட்டிரோகாக்கஸ் பேரினத்திலும் வைத்திருந்தார்கள். ரெஹி என்பது 1943-இல் லிண்டிங்கர் என்ற பூச்சியியலாளர் வைத்தது. தேடுகிறவர்கள் எல்லாப் பெயரிலும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி விஷயம் கையில் சிக்காது.

இதற்குச் சாப்பாடு புல்தான். நெல், கரும்பு, சோளம், வயலில் களையாக வரும் குதிரைவாலிப் புல், அப்புறம் வரப்பு நெடுக நாம் கண்டுகொள்ளாமல் விடும் அருகு. கோரையிலும் உண்டு. அதனால்தான் அறுவடை முடிந்து வயல் காலியாகக் கிடந்தாலும் இது பட்டினி கிடப்பதில்லை, நடவு முடிந்ததும் வரப்பிலிருந்து இறங்கிவிடுகிறது.

முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷத்தில் கடைமடையில் போய்ப் பாருங்கள், மேட்டுப் பாங்கான இடத்தில் பயிர் வட்டம் வட்டமாகக் குட்டையடித்து மஞ்சள் பாய்ந்து நிற்கும். உரம் பற்றவில்லை என்று யூரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் ஒரு தூரைப் பிடுங்கி, இலை உறையை நகத்தால் மெல்ல விலக்குங்கள். உள்ளே தண்டோடு ஒட்டி வெள்ளை மாவு இருக்கும். விரலால் துடைத்தால் இளஞ்சிவப்பாக, இறக்கை இல்லாத குட்டி உடம்பு, அதுதான் பெண் பூச்சி. அது கழிக்கும் தித்திப்புக்காகப் பக்கத்திலேயே எறும்பும் சுற்றும். முற்றிவிட்டால் கதிர் முழுசாக வெளியே வராது.

இப்படி உறைக்குள் பதுங்கியிருக்கிற பூச்சிக்கு மேலாக மருந்து தெளித்து என்ன பிரயோஜனம்? வரப்புப் புல்லைச் செதுக்கி, நோய்கண்ட தூர்களை ஆரம்பத்திலேயே பிடுங்கி எரித்துவிடுவது எவ்வளவோ மேல். பப்பாளிக்கு விட்டார்களே ஒட்டுண்ணிக் குளவி, அதை நெல்லுக்குக் கேட்டும் அலைய வேண்டாம், அது பப்பாளிப் பூச்சியைத்தான் தேடிப் போகும்.