வானொலி உரைகளைப் படிக்கும்போது மறுநாள் காலையையும் சேர்த்துப் படியுங்கள்

நெருக்கடிக் காலத்தில் தலைவர்கள் வானொலி வழியாக மக்களை எப்படி நெருங்கினார்கள் என்ற வினா, என் வரலாற்று மாதிரித் தேர்வில் வந்தது. 'நம்பிக்கை ஊட்டினார்கள்', 'துணிவு தந்தார்கள்' என்று இரண்டு பக்கம் எழுதினேன். 1940 ஜூன் 4 அன்று பிரதமர் சர்ச்சில் ஆற்றிய "கடற்கரைகளில் போரிடுவோம்" உரையைப் பிரிட்டன் முழுவதும் வானொலியில் கேட்டு எழுச்சி கொண்டது என்றும் சேர்த்திருந்தேன். ஆசிரியர் அந்த வரியைச் சுழித்து, "அன்று கேட்டது யாருடைய குரல்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. சர்ச்சில் பேசியது நாடாளுமன்றத்தில். அப்போது அந்த அவையில் ஒலிபரப்பு கிடையாது. அன்றிரவு பிபிசியில் உரையின் பகுதிகளை அறிவிப்பாளர்தான் வாசித்தார். நாம் இன்று கேட்கும் ஒலிப்பதிவு 1949இல் செய்யப்பட்டது. அந்தச் சுழிப்புக்குப் பிறகு என் படிப்பு முறையே மாறியது. ஒவ்வொரு உரைக்கும் யார் கேட்டார்கள், எந்த நிலையில் கேட்டார்கள், மறுநாள் காலை என்ன செய்தார்கள் என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினேன்.

இப்படிப் படிக்க 1933 மார்ச் 12, ஞாயிறு இரவு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பேசியதைப் போல வேறொன்று இல்லை. பணத்தை எடுக்க மக்கள் வங்கிகளை முற்றுகையிட்டதால், மார்ச் 6 முதல் அமெரிக்க வங்கிகள் அனைத்தும் மூடப்பட்டிருந்தன. அவர் பேசியது கால் மணி நேரத்துக்கும் குறைவு. நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விடுகிறது என்பதிலிருந்து தொடங்கினார். எந்த நகரங்களில் திங்களன்று வங்கி திறக்கும், எங்கே செவ்வாயன்று திறக்கும் என்று நாள் குறித்துச் சொன்னார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறந்த வங்கியில் வைப்பதே பாதுகாப்பு என்றார். மறுநாளும் வரிசைகள் நின்றன, ஆனால் இம்முறை பணத்தைத் திருப்பிப் போட. உரையை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கே இல்லாதவருக்கும் விளங்கும்.

இங்கே பலர் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்: எல்லாப் பெருமையையும் குரலுக்கே கொடுத்துவிடுகிறார்கள். நலமான வங்கிகளை மட்டும் மீண்டும் திறக்க வழிசெய்து மார்ச் 9 அன்று நிறைவேறிய அவசர வங்கிச் சட்டம் பின்னால் நிற்காவிட்டால் அந்தப் பேச்சு வெறும் ஆறுதல்தான். சட்டத்தையும் உரையையும் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாக வைத்துக்கொண்டால் போதும். 1940 ஜூன் 18 அன்று லண்டனிலிருந்து பிரெஞ்சுத் தளபதி டி கோல் பேசியதை நேரில் கேட்டவர்கள் சிலரே. அதன் ஒலிப்பதிவும் இல்லை. 1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் ஒலித்த, ஜப்பான் சரணடைவதை அறிவித்த பேரரசர் ஹிரோஹிட்டோவின் உரை அரசவை மொழியில் இருந்ததால் பலருக்குப் பிடிபடவில்லை. 'சரணடைதல்' என்ற சொல்லே அதில் கிடையாது. பிறகு அறிவிப்பாளர் விளக்கினார்.

காந்தி கொல்லப்பட்ட 1948 ஜனவரி 30 அன்று நேரு ஆற்றிய உரையை மட்டும் முழுவதுமாகப் படியுங்கள். "ஒளி மறைந்துவிட்டது" என்ற தொடரோடு பெரும்பாலான விடைகள் நின்றுவிடுகின்றன. எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசிய அந்தத் துயரத்திலும், காந்தியின் உடல் இருந்த பிர்லா மாளிகையில் கூடாமல் யமுனை வரையிலான இறுதி ஊர்வலப் பாதையின் இருபுறமும் அமைதியாக நில்லுங்கள் என்று மறுநாளுக்கான வழியையும் சொன்னார். எனக்கு அந்த உரையில் மிகவும் நெருக்கமான இடம் அதுதான்.

இறுதித் தேர்வில் பாதி விடையை 1933க்கே கொடுத்தேன். கூடுதல் நேரம் கிடைத்தால் ரூஸ்வெல்ட்டின் 1942 பிப்ரவரி 23 உரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்கும்படி மக்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நானும் ஒரு வரைபடத்தை விரித்து, அவர் சொல்லும் கடல்களை விரலால் தொட்டுக்கொண்டேதான் படித்தேன்.