மெட்டில்லாத பேஸ்

சாலிகிராமத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எனக்குச் சோறு போட்டுவந்த இரண்டு பேஸ் கிடார்களில் பழையதன் நெக்கை, அதாவது விரல் ஓடும் நீண்ட கழுத்தை, கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிலிருந்த 20 ஃபிரெட்டுகளையும், வீணையில் மெட்டு என்பார்களே அந்தக் குறுக்குக் கம்பிகளை, பிடுங்கி எடுத்துவிட்டு ஃபிரெட்லெஸ் ஆக்குவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். முடிய ஏழு வாரம் ஆயிற்று.

முடிவுக்குக் காரணம் ஓர் ஒலிப்பதிவு. வடபழனிப் பக்கம் ஒரு சிறிய ஸ்டுடியோவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, இசையமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இந்த இடத்துல பேஸ் வழுக்கிக்கிட்டு வரணும் சார், படியேறி வரக் கூடாது” என்றார். ஃபிரெட் உள்ள பேஸில் விரலை எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் தாண்டும்போது சுரம் ஒரு படி ஏறத்தான் செய்யும்; மைக்கில் அது தெளிவாகக் கேட்கும். நான்கு டேக் வாசித்துப் பார்த்தேன். கடைசியில் அந்த வரியைக் கீபோர்டிலேயே வாசித்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்குரிய பணம் குறைவில்லாமல் கைக்கு வந்தது, ஆனால் அந்தப் பாட்டில் நான் இல்லை. சென்னையிலேயே கீத் பீட்டர்ஸ் போன்றவர்கள் ஃபிரெட்லெஸ் பேஸில் என்ன செய்யலாம் என்று காட்டியிருக்கும்போது, கல்யாண வரவேற்புக் கச்சேரிகளிலேயே காலத்தை ஓட்டிவிட்ட என்மேல் எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. புதிதாக ஒன்றை வரவழைக்கும் விலையோ என் மூன்று மாத வருமானம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1951-இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த மின்சார பேஸுக்கு ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம் என்று பெயர் வைத்ததே, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸில் இல்லாத ஃபிரெட்டுகள் இதில் இருந்ததால்தான். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1966-இல், ஆம்பெக் நிறுவனம் அந்த ஃபிரெட்டுகள் இல்லாத பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃபெண்டரின் ‘ஜாஸ் பேஸ்’ என்ற தன் கிடாரிலிருந்து ஃபிரெட்டுகளை எடுத்துவிட்டு, வெட்டுகளை மரப்பூச்சால் அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸி என்ற பிசினை மேலே பூசிக்கொண்டார். 1976-இல் அவருடைய முதல் தனி இசைத்தட்டு வந்த பிறகு உலகம் முழுவதும் எத்தனை பேர் தங்கள் பேஸ்களைப் பாழாக்கிக்கொண்டார்களோ தெரியவில்லை. அந்த வரிசையில் நானும் சேர்ந்துகொண்டேன்.

வேலையைத் தொடங்கும் முன், எங்கள் குழுவில் வீணை வாசிக்கும் பெண் மூலமாக, மயிலாப்பூரில் வீணைகளுக்கு மேளம் கட்டும், அதாவது மெட்டுகளைப் பதிக்கும், பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். வீணையின் 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த மெழுகில் உட்கார்ந்திருப்பவை. ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, அந்த வீணைக்கு எங்கே சுரம் பேசுகிறதோ அங்கே நகர்த்தி நிறுத்துவார்கள். கிடாரில் காதுக்கு வேலையில்லை. என் பேஸில் தந்தி தொடங்கும் மேல்முனைத் தடுப்பான நட்டிலிருந்து, அது முடியும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் வரும், மீதியை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. கணக்கு போட்ட இடத்தில் ரம்பம் வெட்டும், வெட்டிய இடத்தில் ஃபிரெட் இறங்கும். நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் சிரித்துவிட்டார். “கோட்டுவாத்தியம் ஆக்கப் போறேன்னு சொல்லுங்க” என்றார்; அது மெட்டே இல்லாத வீணை. பிறகு, “சூடு காட்டாம மட்டும் பிடுங்காதீங்க தம்பி. மெழுகா இருந்தாலும் சரி, மரமா இருந்தாலும் சரி, சூடு பட்டாத்தான் விடும்” என்று ஒரு மெட்டைச் சூடுபடுத்தி நகர்த்திக் காட்டினார். எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் காசு பெறுவது அது ஒன்றுதான்.

ரிச்சி தெருவில் வாங்கிய 25 வாட் சால்டரிங் அயர்ன் போதவில்லை. 60 வாட் வாங்க வேண்டியிருந்தது. ஃபிரெட்டைப் பிடுங்கும் குறடு வேறொரு தலைவலி. கடையில் கிடைக்கும் குறட்டின் வாய் சரிந்து இருக்கும். மரத்தோடு படிந்திருக்கும் ஃபிரெட்டுக்கு அடியில் அது நுழையாது. ஆகவே சாணை பிடிக்கும் கடையில் கொடுத்து அதன் முகத்தைத் தட்டையாகத் தேய்த்து வாங்கினேன். கடைக்காரர் குறட்டைக் கெடுக்கச் சொல்லும் வாடிக்கையாளரை முதன்முறையாகப் பார்த்தவர் போல என்னைப் பார்த்தார்.

ஃபிரெட்டின் மேல் அயர்னை அரை நிமிடம் வைத்திருந்தால் அடியிலுள்ள பசை இளகி, மரமும் லேசாகத் தளரும். அப்போது ஓரத்தில் குறட்டை நுழைத்து, இழுக்காமல், அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டே மறுமுனைவரை நடத்திப் போக வேண்டும். ஃபிரெட்டின் அடித்தகட்டில் சிறு முட்கள் உண்டு. அவசரப்பட்டு மேலே தூக்கினால் அந்த முட்கள் மரத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துக்கொண்டு வரும். முதல் ஆறு ஃபிரெட்டுகள் நன்றாக வந்தன. ஏழாவதின்போது கைப்பேசி அடித்தது, நான் திரும்பினேன், ஈட்டி மரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு செதில் தெறித்தது. தரையெல்லாம் தடவி அந்தச் செதிலைக் கண்டுபிடித்து, ஃபெவிக்விக் வைத்து அதே இடத்தில் ஒட்டினேன். இன்றும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

எடுத்த பிறகு நெக் பல்லில்லாத சீப்பு போல இருந்தது. அந்த வெட்டுகளை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஃபிரெட்டுகள் ஆப்பு மாதிரி மரத்தை இறுக்கிப் பிடித்திருப்பவை. அவை போய்விட்டால், நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் எழுபது எண்பது கிலோ இழுப்புக்கு நெக் முன்பக்கம் வளைந்துவிடும். வெட்டின் அகலம் 0.6 மில்லிமீட்டர். சைடன்ஹாம்ஸ் சாலையில் ஒரு பிளைவுட் கடையில் வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகட்டில் வெளிர்நிறத் துண்டு ஒன்றைக் கேட்டபோது, எவ்வளவு சதுர அடி என்று கேட்டார்கள். உள்ளங்கை அளவு போதும் என்றதும் காசு வாங்காமலேயே கொடுத்து அனுப்பினார்கள். அதைப் பட்டை பட்டையாக நறுக்கி, பசை தடவி, ஒவ்வொரு வெட்டிலும் இறக்கினேன். வெனீர் அரை மில்லிமீட்டர்தான் என்பதால் மிச்ச இடைவெளியை மெல்லிய பசை நிரப்பிக்கொண்டது. காய்ந்த பின் துருத்திய பகுதியைப் பிளேடால் சீவியதும், கறுத்த மரத்தில் இருபது வெள்ளைக் கோடுகள் வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதற்குப் பின் செய்த தவறுதான் ஐந்து வாரத்தைத் தின்றது. விரல் பதியும் பலகையான ஃபிங்கர்போர்டு தட்டையானதல்ல, என்னுடையது ஒன்பதரை அங்குல ஆரத்தில் வளைந்தது. அதே வளைவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதில் உப்புத்தாளைச் சுற்றி, நெக்கின் முழு நீளத்துக்கும் ஒரே சீராக இழுக்க வேண்டும். முதல் நாள் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் நாள், பதின்மூன்றாம் கோட்டருகே பசை திட்டாக நிற்கிறது என்று, கட்டையை வைத்துவிட்டு உப்புத்தாளை விரலில் சுற்றி அந்த இடத்தை மட்டும் நாலு தேய் தேய்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தந்தி மாட்டி வாசித்தபோது, பன்னிரண்டிலிருந்து பதினான்கு வரை சுரம் பிறந்த உடனே மூச்சு நின்றது போல அடங்கிற்று. எஃகு ஸ்கேலை நெட்டுவாக்கில் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன்: அந்த இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒளி கசிந்தது. ஃபிரெட் உள்ள பேஸில் மரம் எப்படி இருந்தால் என்ன, தந்தி உலோகத்தின் மேல்தான் நிற்கும். இதில் மரமே மேடை. அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய மற்ற எல்லா இடத்தையும் அதன் அளவுக்குக் குறைக்க வேண்டியிருந்தது. கச்சேரி இல்லாத மதியங்களில், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, 220-இல் தொடங்கி 600 எண் தாள் வரை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

மேற்பூச்சுக்குப் பாஸ்டோரியஸ் வழியில் எபாக்ஸி என்று நினைத்து, காசிமேட்டில் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்பவர்களிடம் போய் விசாரித்ததும் உண்டு. அவர்கள் கையாளும் ரெசின் வேறு வகை, அதன் நெடியை மொட்டை மாடியில் எழுப்பினால் கீழ்வீட்டுக்காரர் என்னைக் காலி செய்ய வைப்பார் என்று தெரிந்ததும் திரும்பிவிட்டேன். மரத்துக்கு லின்சீட் ஆயில் மட்டும் தடவி, மரத்தை அராவும் சுருள் தந்திகளுக்குப் பதில் வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் தந்திகளைப் போட்டுக்கொண்டேன். ஃபிரெட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டர் போய்விட்டதால் நட்டின் பள்ளங்களை அரத்தால் இறக்கி, தந்திக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு போகும் அளவுக்குக் கொண்டுவந்தேன். அன்று இரவு அந்த ‘ம்வா’ ஒலி, தந்தி மரத்தை உரசிக்கொண்டே சுரத்தை விரித்துவிடும் அந்த முனகல், முதன்முறையாக வந்தது. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் கேட்க வைத்தேன். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது பாட்டிலேயே கீபோர்டு வாசிக்கும் தம்பி, “அண்ணே, ஏதோ லைட்டா இறங்குதுண்ணே” என்றான். காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. ஃபிரெட் உள்ள பேஸில் விரலை ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைப்பதுதான் முறை. சுரத்தை ஃபிரெட் பார்த்துக்கொள்ளும். ஃபிரெட்லெஸில் விரல் கோட்டின் மேலேயே விழ வேண்டும். என் விரல் பழைய பழக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் பின்தங்கியது. நட்டின் அருகே ஓர் அரைச்சுரத்துக்கு 48 மில்லிமீட்டர் இடம் இருப்பதால் அந்த ஐந்து மில்லிமீட்டர், அரைச்சுரத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இறக்கம். மேல் ஸ்தாயியில் அதே அரைச்சுரத்துக்கு 24 மில்லிமீட்டர்தான் என்பதால் இறக்கமும் இரட்டிப்பாகும். போதாக்குறைக்கு, நெக்கின் பக்கவாட்டில் பதித்த வெள்ளைப் புள்ளிகள் இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருப்பவை. நின்று வாசிப்பவனின் கண்ணுக்கு முதலில் படுவதும் அவைதான். அவை என் விரலைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தன. கறுப்பு மார்க்கரால் அத்தனை புள்ளிகளையும் அழித்தேன்.

வரவேற்பு மேடைகளுக்கு அதை இரண்டே தடவைதான் கொண்டுபோனேன். மானிட்டரில் டிரம்ஸைத் தவிர எதுவும் கேட்காத மண்டபத்தில், நிறம் மாறிக்கொண்டிருக்கும் விளக்கு வெளிச்சத்தில், ஃபிரெட் இல்லாத பேஸை வாசிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவது போலத்தான். கையிலிருப்பது ஒரே பேஸ் என்றால் யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஐப்பசி மழையில் நெக் ஒருமுறை அசைந்தது. அதன் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பினேன். அந்த மாதத்தில்தான் ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஒரு கட்டை ஸ்ருதி, தம்புரா, கீபோர்டில் பின்னணியாக நீண்டு ஒலிக்கும் மெல்லிய பேட், அதன்மேல் பாடகர். பல்லவி முடியும் இடத்தில் அவர் அந்தர காந்தாரத்தில் நெடுநேரம் நிற்பார். பேஸும் அதே சுரத்தில் கூட நிற்க வேண்டும். தம்புராவின் தந்திக்குள்ளிருந்தே எழும் காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிட, அரைச்சுரத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு கீழே இருப்பது. பாடகர் தம்புராவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெள்ளைக் கோட்டின் மேல் சரியாக விரலை வைத்தேன்; கீபோர்டோடு பொருந்தியது, அவரோடு உரசியது. இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு கேள்வி என் கைக்கு வந்ததே இல்லை. ஃபிரெட் எப்போதும் கீபோர்டின் கட்சி. நான் யார் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் டேக்கில் விரலைக் கோட்டுக்குப் பின்னால் ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். ஒத்திகையில் தம்பி இறங்குகிறது என்று சொன்ன, திருத்திக்கொள்ள நான் அத்தனை பாடுபட்ட இடம் ஏறக்குறைய அதேதான். பாடகர் ஒரு கணம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் மறுபடி ஓட்டிக் கேட்டார், அந்தக் காந்தாரம் வரும் இடத்தில் மட்டும் கீபோர்டின் பேடைச் சற்று இறக்கினார், அடுத்த பாட்டுக்குப் போகலாம் என்றார். மறுநாள் மாலை அண்ணா நகரில் ஒரு வரவேற்பு. ஃபிரெட் உள்ள பேஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.